ரின்னுக்குள்ள இருந்த உறுதி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்ளுறது. ஆண்டவருடைய கிருபையால நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகனும் சுகமா இருக்கவேணுமெண்டு மன்றாடுறம். போனில கதைச்சால் சொல்ல வந்ததை விட்டிட்டு, அங்க குளிர் எப்பிடி, இஞ்ச மழை எப்பிடி எண்டு கேட்டே முடிச்சிடுவன். அதாலதான் கடிதம்.

முதல்ல மன்னிப்புக் கேக்கவேணும். புதுவருச ஆராதனையில எடுத்த வாக்குத்தத்த அட்டையைப் படம் பிடிச்சு உனக்கு வாட்ஸ்அப்பில அனுப்பினனான். சங்கீதம் 113, கடைசி வசனம்: "மலடியைச் சந்தோஷமான பிள்ளைத்தாய்ச்சியாக்கி, வீட்டிலே குடியிருக்கப்பண்ணுகிறார்." தட்டில இருந்து எடுத்த அட்டை இதுவாய் வந்திட்டுதே, ஆண்டவர் உனக்காகவே என்ர கையில தந்திட்டார் எண்டு நினைச்சு, கோயில் வாசல்லயே நிண்டு அனுப்பினன். அந்தக் கிழமைதான் பிள்ளைக்காகச் செய்த சிகிச்சை மூண்டாந்தரமும் சரிவரேல்லை எண்டு டொக்டர் சொன்னவர் எண்டு எனக்குத் தெரியாது. ரெண்டு நாளைக்குப் பிறகு நீ அம்மாவிட்டச் சொன்னாய்: "அப்பாவை இனி எனக்கு வசனம் அனுப்பவேண்டாமெண்டு சொல்லுங்கோ." அம்மா அதை அப்பிடியே என்னட்டச் சொன்னவ. நான் அண்டைக்குச் சாப்பிடேல்லை.

அதுக்குப் பிறகு நீ கேட்ட கேள்வியும் வந்து சேர்ந்தது. கடவுள் வாக்கு மாறாதவர் எண்டால் என்னட்ட மட்டும் ஏன் மாறினவர்? எட்டு மாதமா இதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். மறுமொழி இருக்கெண்டு எழுதேல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழிலை வைச்சு எனக்கு விளங்கினதை எழுதுறன்.

அப்பாச்சியின்ர பிஸ்கற் ரின் உனக்கு ஞாபகமோ? மூடியில ரோசாப்பூப் படம் போட்டது, ஒரு மூலை நெளிஞ்சது. 1990 ஆனியில செல் விழத் தொடங்க, நாங்கள் தெல்லிப்பழையை விட்டு வெளிக்கிட்டம். நீ ரெண்டு வயசுப் பிள்ளை, என்ர தோளில. அம்மா அரிசிப் பையைத் தூக்கினவ. அப்பாச்சி அந்த ரின்னை மட்டும் தூக்கினவ. உள்ளுக்கு அவவின்ர வேதப்புத்தகம், எங்கட ஞானஸ்நானச் சான்றிதழ்கள், பிறகு புளியடைப்பு எண்ட எங்கட காணியின்ர உறுதிப் பத்திரம். ரெண்டு கிழமையில திரும்பி வந்திடுவம் எண்டுதான் எல்லாரும் நினைச்சது. ஆட்டை அவிட்டுக்கூட விடேல்லை.

1995 ஐப்பசி 30. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த இரவை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஏழு வயசில நடந்து வந்தனி. நாவற்குழிப் பக்கம் அடிக்கு அடி சனம், மழை, ஒரு அடி எடுத்து வைக்க எவ்வளவு நேரம். அப்பாச்சி அந்த ரின்னை உரப்பைக்குள்ள போட்டு வயித்தோட அணைச்சுக்கொண்டு வந்தவ. பக்கத்தில வந்த ஒரு மனிசன் கேட்டார், "ஆச்சி, அதுக்குள்ள என்ன, நகையோ?" "காணி உறுதி" எண்டா. அந்தாள் சிரிக்கேல்லை, அழவும் இல்லை. "இனி அந்தக் காணி ஆற்ற காணியோ" எண்டு சொல்லிப்போட்டு நடந்திட்டார். அப்பாச்சி என்னைப் பார்த்துச் சொன்னவ: "உறுதி எங்கட பேரிலதானே இருக்கு." அவ்வளவுதான். பிறகு மீசாலை மட்டும் வாயே திறக்கேல்லை.

பிறகு மானிப்பாயில நாங்கள் இருந்த வாடகை வீட்டில வருசா வருசம் சித்திரை வெய்யிலுக்கு அவ அதை வெளியில எடுப்பா. முத்தத்தில பாயைப் போட்டு, உறுதியை விரிச்சு, நாலு மூலைக்கும் நாலு கல்லு வைப்பா. பழைய தடிச்ச கடதாசி, மடிப்பில எல்லாம் மஞ்சள் ஏறி, ஒரு மடிப்பு விட்டுப்போய் நான் பின்பக்கம் ரிசுப் பேப்பர் ஒட்டினது. பூச்சி அரிக்காமல் வேப்பிலை காயவைச்சு உள்ளுக்குப் போடுவா. கண் மங்கின பிறகும் விரலால தடவித் தடவி வாசிப்பா. வாசிக்கிறதோ, மனப்பாடமோ தெரியாது: "புளியடைப்பு என்னும் பெயருள்ள காணி பரப்பு 4. இதற்கு எல்லை கிழக்கு ஒழுங்கை..." கடைசியில "இதற்குள் அடங்கிய நிலம், கல்வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர் முழுவதும்" எண்டு வரேக்க குரல் கொஞ்சம் உயரும். உடுவில் மகளிர் பள்ளியில படிச்ச மனிசி, வேதம் வாசிக்கிற அதே இராகத்தில உறுதியையும் வாசிச்சா. கந்தோரில பிரதி எடுக்கலாம், இதைக் கட்டிக்கொண்டு திரியத் தேவையில்லை எண்டு நான் எத்தினைதரம் சொன்னனான். கேக்கேல்லை. சண்டை நிண்டு பாதை திறந்திருந்த காலத்தில ஒரு தரகர் வந்து, ஆமிக் கம்பிக்கு அந்தப் பக்கம் கிடக்கிற காணிதானே, கிடைக்கிறதுக்குக் குடுங்கோ எண்டு கேட்டவர். அவருக்கு ஒரு பிளேன்ரீ குடுத்து அனுப்பிவிட்டா.

2007இல அப்பாச்சி காலமானா. மானிப்பாய்ச் சேமக்காலையிலதான் அடக்கம் பண்ணினது. காணியை அவ பார்க்கேல்லை.

எரேமியா 32ஆம் அதிகாரத்தை நீ ஒருக்கா எடுத்து வாசி. (வசனம் அனுப்பேல்லை மகள், நீயாய் விருப்பமெண்டால் பார்.) எருசலேமைப் பாபிலோன் படை சுத்தி வளைச்சு நிக்குது. எரேமியா காவற்சாலை முத்தத்தில அடைபட்டுக் கிடக்கிறார். அந்த நேரம் பார்த்துச் தகப்பன்ர சகோதரன்ர மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில இருக்கிற என்ர நிலத்தை வாங்கு எண்டு கேக்கிறார். ஆனதோத் எருசலேமுக்கு வடக்க கிட்டடி ஊர். படை நிக்கிற நிலம். எங்கட கதையில சொன்னால் ஆமி கம்பி அடிச்சு மறிச்ச உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள கிடக்கிற காணி. எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில நிறுத்துக் குடுத்து, சாட்சிகளை வைச்சு, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, தன்ர எழுத்தாளன் பாருக்கிட்டக் குடுத்து, கனகாலம் கெடாமல் இருக்க மண்பாண்டத்துக்குள்ள வைக்கச் சொல்லுறார். எத்தினை தரம் இதை வாசிச்சிருப்பன்! உறுதி எழுதுற நொத்தாரிசு ஒருவரிட்ட 31 வருசம் கிளாக்கரா இருந்த எனக்கு, ஒரு உறுதி முடிக்கிற ஒழுங்கு ஒண்டும் தவறாமல் வேதத்தில கிடக்கிறதைப் பார்க்க ஒவ்வொருதரமும் மயிர் கூச்செறியும்.

ஆனால் பிரசங்கங்களில ஆரும் நிண்டு பார்க்காத ஒரு இடம் அதில இருக்கு. பத்திரத்தைக் குடுத்து முடிச்ச கையோட எரேமியா ஜெபம் பண்ணுறார். அந்த ஜெபத்தில, படை நகரத்தைப் பிடிக்கப்போகுது, நீர் என்னட்ட நிலத்தை வாங்கெண்டு சொல்லுறீரே எண்டு கேக்கிறார். அவருக்கே விளங்கேல்லை. கையெழுத்து வைச்ச பிறகுதான் அந்தக் கேள்வி. கேட்டதுக்காகக் கடவுள் கோபிக்கேல்லை. "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?" எண்டு திரும்பக் கேக்கிறார். எரேமியா அந்த நிலத்தில ஒருநாள் எண்டாலும் உழுதார் எண்டு வேதத்தில இல்லை. பிறகு அவரை எகிப்துக்குக் கொண்டுபோட்டினம்.

அதனால நீ கேட்ட கேள்வி பாவமில்லை மகள். தீர்க்கதரிசி கேட்ட கேள்விதான் அது.

இப்ப என்ர பிழைக்கு வாறன். கந்தோருக்கு உறுதி கொண்டுவாற ஆக்களிட்ட நான் முதல்ல பார்க்கிறது ரெண்டு. ஆற்ற பேரில எழுதியிருக்கு? எல்லை எதுவரைக்கும்? அடுத்த வீட்டுக்காரன்ர உறுதி எவ்வளவு நல்ல உறுதியா இருந்தாலும் அதை வைச்சு இவன் காணி கேக்கேலாது. சாராளுக்கு ஒரு பிள்ளை எண்டது ஆபிரகாமின்ர பேரில எழுதின வாக்கு. நாளும் குறிச்சு, பிள்ளைக்கு வைக்கவேண்டிய பேரும் சொல்லித் தந்த வாக்கு. ஆபிரகாமுக்கு 100 வயசில அது நிறைவேறினது. சங்கீதம் 113, கடவுள் எப்பிடிப்பட்டவர் எண்டு பாடுற துதி. அப்பிடி அவர் செய்கிறவர்தான், அதில எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உன்ர பேரும் திகதியும் போட்டு எழுதின உறுதி அது இல்லை. ஒரு தட்டில இருந்து அட்டையை எடுத்து, உன்ர பேரை நானே எழுதி, உனக்கு நானே அனுப்பிப்போட்டன். அது நடக்காமல் போக நீ கடவுளை வாக்கு மாறினவராப் பார்க்கிறாய். அவர் குடுக்காத வாக்கை அவர் குடுத்ததாச் சொன்னது நான்தான்.

அப்ப உன்ர பேரில என்ன எழுதியிருக்கு? "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை." மரணமோ, வாழ்வோ, வாற காரியமோ எதுவும் கிறிஸ்துவின்ர அன்பைவிட்டு எங்களைப் பிரிக்காது எண்டு ரோமர் 8இல இருக்கு. இது சின்ன வாக்கு எண்டு நினைக்காதை. அந்த ஆஸ்பத்திரிக் கதிரையில ரெண்டுபேரும் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்த நேரத்தில இதை நம்புறது, 90 வயசில பிள்ளை பிறக்குமெண்டு நம்புறதைவிட லேசெண்டு நான் சொல்லமாட்டன். எனக்கு அது கூடக் கஷ்டமாத்தான் படுது. கெத்செமனேயில இயேசுவும் ஒண்டைக் கேட்டார். கேட்டது கிடைக்கேல்லை, பாத்திரம் நீங்கேல்லை. ஆனால் மூண்டாம் நாள் கல்லறை வெறுமை. எங்கட உறுதியில கையெழுத்து அதுதான். "தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் இயேசுகிறிஸ்துவுக்குள் ஆம் என்றும், அவருக்குள் ஆமென் என்றும் இருக்கிறதே" எண்டு பவுல் எழுதுறது அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான்.

எபிரெயர் 11 எப்பிடித் தொடங்குது எண்டு உனக்குத் தெரியும். "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதி." அதை மொழிபெயர்த்தவை எந்த அர்த்தத்தில அந்தச் சொல்லைப் போட்டினமோ தெரியாது. யாழ்ப்பாணத்தில பிறந்த எனக்கு உறுதி எண்டால் முதல்ல அப்பாச்சியின்ர ரின்தான் கண்ணுக்குள்ள வருது. காணி கையில இல்லை, உறுதி கையில இருக்கு.

2018 சித்திரையில ஆமி எங்கட பக்கக் காணிகளை விட்டது. 28 வருசத்துக்குக் கிட்ட. நீ கனடா போய்ச் சேர்ந்திட்டாய், படம்தான் பார்த்தனி. படத்தில தெரியாத ஒண்டைச் சொல்லுறன். நான் போய் நிண்ட இடத்தில என்ர வீடு எதெண்டு எனக்குத் தெரியேல்லை. வீடில்லை, வேலியில்லை, ஒழுங்கையில்லை. ஆளுயரத்துக்குப் பத்தை. பிறந்து வளர்ந்த மண்ணில நிண்டு வடக்குத் தெற்குத் தெரியாமல் முழிச்சன். நில அளவையாளர் வந்து உறுதியைக் கேட்டு, அதில கிடந்த எல்லையை வைச்சு அளந்துகொண்டு போகேக்கதான் பத்தைக்குள்ள காலில கல்லுத் தட்டுப்பட்டது. கிணத்துக் கட்டு. நான் அதில இருந்து அழுதிட்டன். கண்ணால பார்த்தும் எனக்குத் தெரியாத காணியை, ரின்னுக்குள்ள இருந்த கடதாசி காட்டித் தந்தது.

இதை எங்கட விசுவாசத்துக்குக் கிடைச்ச கூலி எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்தின்ர காணி இன்னும் கம்பிக்குள்ள. அந்த மனிசன் என்னைவிடக் கூட ஜெபிச்சவர், இப்பவும் ஜெபிக்கிறார். ஆபிரகாமுக்கு ஒரு தேசத்தையே தாறன் எண்டு சொன்ன கடவுள், அவர் கண் மூடுமுன்னம் அவருடைய கையில குடுத்தது எவ்வளவு? சாராளை அடக்கம் பண்ண 400 சேக்கல் வெள்ளிக்கு எப்பெரோனிட்ட வாங்கின மக்பேலா நிலம். ஆதியாகமம் 23இல அந்தக் கிரயம் நிலம், குகை, எல்லையைச் சுத்தியிருக்கிற மரங்கள் எண்டு ஒவ்வொண்டாய் எழுதியிருக்கு, எங்கட வான்பயிர் செய்பயிர் மாதிரி. வாக்குப்பண்ணின தேசத்தில அவர் விலைக்கு வாங்கி வைச்சிருந்தது ஒரு சேமக்காலை. ஆனாலும் அவரை விசுவாசிகளுக்குத் தகப்பன் எண்டு சொல்லுறம்.

அம்மா இரவு ஜெபத்தில இப்பவும் உனக்கொரு பிள்ளை கேக்கிறா. நிப்பாட்டச் சொல்ல மாட்டன், நானும் ஆமென் சொல்லுறன். கடவுளால ஏலும். தருவாரோ எண்டது எனக்குத் தெரியாது. தராட்டில் நீ குறைஞ்சவள் எண்டு எந்தச் சொந்தக்காரராவது சொல்ல விடமாட்டன். போன கிழமை கலியாண வீட்டில ஒருத்தி "இன்னும் விசேஷம் இல்லையோ" எண்டு கேட்டவ. "என்ர மகள் சுகமா இருக்கிறா" எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன்.

இன்னொரு அலுவல். உன்ர கலியாணத்துக்கு நான் காணி சீதனமாத் தரேல்லை. 2016இல அது கம்பிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. இப்ப புளியடைப்பை உன்ர பேரில நன்கொடை உறுதியா எழுத ஒழுங்கு பண்ணியிருக்கிறன். பேரப்பிள்ளைக்கு எண்டு நினைச்சு எழுதேல்லை, உனக்கு எண்டு எழுதுறன். கிணறு இறைச்சாச்சு, தண்ணி நல்ல தண்ணி. மேற்கு எல்லையில பனங்கொட்டை புதைச்சு, பத்துப் பன்னிரண்டு வடலி நிக்குது. நன்கொடை உறுதி எண்டால் வாங்குற ஆள் அதை ஏற்றுக்கொள்ளவேணும், அதில்லாட்டில் செல்லாது. ஏற்றுக்கொள்ளுறன் எண்டு நீ கையெழுத்து வைக்கிற இடத்தை வெறுமையா விட்டு வரைவு எழுதி, அதே ரின்னுக்குள்ள வேப்பிலையோட வைச்சிருக்கிறன்.

அவசரமில்லை. லீவு கிடைக்கிற நேரம் ரெண்டுபேரும் வாங்கோ. அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
அப்பா