ஃபிளீஸ் துண்டுகள்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை பிறந்துவிட்டால் தில்லித் தமிழர் வீடுகளில் குளிர்துணி தைக்கிற வேலை ஆரம்பமாகிவிடும். கூடவே, மிஞ்சிய துணியில் என்னென்ன செய்யலாம் என்ற குறிப்புகளும் பத்திரிகைகளில் வரும். ஃபிளீஸையும் பருத்தியையும் ஒரே துணியாக நினைத்து எழுதும் குறிப்புகள் அவற்றில் நிறைய. சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி தைக்கலாம், சமையல் மேடை துடைக்கலாம் என்பவை அடிக்கடி கண்ணில் படுபவை. இரண்டாவது வீண் வேலை, முதலாவது ஆபத்து.

ஃபிளீஸ் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். பனியன் துணி மாதிரி பின்னி, மேற்பரப்பைக் கம்பிப் பல்லால் வாரிப் பஞ்சாக எழுப்பிவிடுகிறார்கள். பாலியஸ்டர் ஏறக்குறைய 250–260 டிகிரி செல்சியஸில் உருகும். கேஸ் தீயின் சூடு அதற்கெல்லாம் வெகு மேலே. பருத்தியில் தீ பட்டால் கருகும், பற்றவும் செய்யும், ஆனால் உருகாது. ஃபிளீஸ் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பிடிதுணி, அடுப்பருகே கட்டும் ஏப்ரன், ரூம் ஹீட்டரை ஒட்டிக் கிடக்கும் விரிப்பு எதற்கும் இது கூடாது. மேடை துடைப்பதும் பயனில்லை. இந்த இழை தண்ணீரைக் குடிக்காது, இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஆனால் நனைக்காமல் துடைத்தால் ஃபேன் இறக்கை, டிவி, புத்தக அலமாரித் தூசியை நன்றாக இழுத்துக்கொள்ளும்.

இந்தத் துணியின் பெரிய நல்ல குணம், வெட்டின ஓரத்தில் நூல் பிரியாதது. ஓரம் மடித்துத் தைக்க வேண்டாம், ஓவர்லாக் வேண்டாம். அதனால்தான் ஒரு சாண் துண்டுகூட வீணாகாது. மங்கோல்புரி கத்ரன் மார்க்கெட்டில் வெட்டுத்துணியைக் கிலோ கணக்கில் நிறுத்து விற்கிறார்கள். அங்கே அள்ளிக்கொண்டு வருபவர்களும் சரி, வீட்டில் மிஞ்சியதை மூட்டை கட்டி வைத்திருப்பவர்களும் சரி, கத்தரியைத் தொடுமுன் ஒரு வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு துண்டையும் குறுக்கிலும் நெடுக்கிலும் இழுத்துப் பார்த்து, அதிகம் நீளும் திசையில் சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போடுங்கள். அந்தத் திசையில் இருக்கும் வெட்டு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் துணி ஒரு பக்கமாகச் சுருளும். சுருளும் பக்கம்தான் உள்பக்கம். பிறகு கையால் தடவுங்கள். ஒரு போக்கில் வழுக்கும், எதிர்ப்போக்கில் தடுக்கும். துண்டுகளின் போக்கை மாற்றி மாற்றி வைத்து இணைத்தால் ஒரே நிறத் துணிகூட இரண்டு நிறமாகத் தெரியும்.

முதலில் தைக்க வேண்டியது நெக் வார்மர், அதாவது தலை வழியாக மாட்டும் கழுத்துக் குழல். மஃப்ளரை விட இது மேல்: பைக்கில் போகும்போது சக்கரத்தில் மாட்டிக்கொள்ளத் தொங்கும் முனை இதில் கிடையாது. சின்னக் குழந்தைகளுக்கும் அதே காரணத்தால் இதுதான் நல்லது. பெரியவர்களுக்கு 17 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரத்தில் நான்கு துண்டுகள் போதும். ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கமும் ஒரு செ.மீ. போனால் நான்கு இணைப்புக்கு எட்டு செ.மீ. கழியும், மிச்சம் 60 செ.மீ. சுற்றளவு, தலை வழியாகத் தாராளமாக இறங்கும். நான்கு துண்டிலும் நீட்சி கழுத்தைச் சுற்றியே வர வேண்டும். ஒன்று மட்டும் திரும்பியிருந்தால் அந்த இடம் நீளாது. பக்கத்துத் துண்டுகள் நீளும்போது இணைப்பு கோணிக்கொள்ளும். துவைத்த பிறகு நன்றாகவே தெரியும்.

குல்லாவுக்குக் கொஞ்சம் பெரிய துண்டு தேவை. தலைச் சுற்றளவு 56 என்றால் துணியின் அகலமும் 56 தான். தையலுக்கு இரண்டு போய் 54 நிற்கும், நீட்சி மீதியைப் பார்த்துக்கொள்ளும். உயரம் 38 செ.மீ.: வெளியே மடிக்க 6, தலை ஆழம் 22, உச்சியில் 10. அந்தப் பத்து செ.மீ.யை ஒன்றரை செ.மீ. பட்டைகளாக நறுக்கி, அடியில் ஒரு ஃபிளீஸ் நாடாவால் இறுக்கிக் கட்டினால் குஞ்சலம் தயார். பலர் கவனிக்காமல் விடுவது மடிப்பு. குழலாகத் தைத்துவிட்டு விளிம்பை வெளியே மடித்தால் உள்தையல் நெற்றியில் துருத்திக்கொண்டு நிற்கும். மேலிருந்து தைத்து வந்து, விளிம்புக்கு 7 செ.மீ. முன்னால் நிறுத்துங்கள். அந்த இடத்தில் தையலை ஒட்டிச் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்து, மீதியைத் துணியைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து தையுங்கள். மடித்த பிறகு தையல் உள்ளே மறைந்துவிடும்.

ஒட்டுப்போர்வைதான் துண்டுகளை அதிகம் விழுங்கும். வழக்கம்போல் நல்ல பக்கங்களைச் சேர்த்து வைத்துத் தைத்தால், நான்கு சதுரம் கூடும் மூலைகளில் துணி கட்டையாகித் திரளும். வீட்டு மெஷின் அங்கே திணறும், ஊசியும் முறியலாம். ஓரம் பிரியாத துணிக்கு அந்தத் தையல் எதற்கு? ஒரு சதுரத்தின் ஓரத்தை அடுத்ததன் மேல் ஒரு செ.மீ. ஏற்றி வைத்து, அரை செ.மீ. இடைவெளியில் இரண்டு வரி ஓட்டினால் போதும். பக்கத்துக்கு 20 செ.மீ. உள்ள 48 சதுரங்களை ஆறுக்கு எட்டாக வைத்து இப்படி இணைத்தால் 115-க்கு 153 செ.மீ. போர்வை கிடைக்கும். பழைய முறையில் அதே 48 சதுரம் 110-க்கு 146-ஆகக் குறுகிவிடும். அடியில் பருத்தி லைனிங் கொடுக்க நினைப்பவர்கள் பருத்தியை முதலில் நனைத்து உலர்த்தி எடுங்கள். ஃபிளீஸ் சுருங்காது, பருத்தி சுருங்கும், முதல் துவையலிலேயே போர்வை உப்பிப் போகும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும்போது மேலே போர்த்த இது வேண்டாம். ஃபிளீஸ் என்றில்லை, தளர்ந்த போர்வை எதுவுமே வேண்டாம்.

மார்கழியில் எங்கள் பகுதி முருகன் கோயிலான மலை மந்திர் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு ஃபிளீஸ் சாக்ஸ் தைத்துக் கொடுக்கும் ஆசை எழலாம். வழவழப்பான கல்லிலும் மார்பிளிலும் அது வழுக்கும். முதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். காலணிக்குள் போடும் அட்டையாக இரண்டடுக்கு வெட்டித் தைத்துக் கொடுக்கலாம், சீக்கிரம் அமுங்கிவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு. வெந்நீர்ப் பை உறை நல்ல யோசனை: பையை அளந்து சுற்றிலும் இரண்டு செ.மீ. கூட்டி வெட்டுங்கள், பின்பக்கத்தைத் தலையணை உறை போல ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இரு துண்டாக விடுங்கள்.

விரல் அகலத் துணுக்குகள் கதவிடுக்குக்குப் போகட்டும். தில்லி வீடுகளில் பாதிக் குளிர் கதவடி வழியாகத்தான் வருகிறதோ என்று தோன்றும். 90 செ.மீ. கதவுக்கு, பழைய ஜீன்ஸ் துணியில் 95-க்கு 25 செ.மீ. வெட்டிக் குழலாகத் தைத்தால் ஏழு செ.மீ. பருமனில் வரும். ஃபிளீஸை ஒன்றிரண்டு செ.மீ. துணுக்குகளாக நறுக்கி அடையுங்கள். நீள நாடாவாகத் திணித்தால் உள்ளே முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓரிடம் வீங்கும், ஓரிடம் காலியாகும். வெறும் ஃபிளீஸ் எடையில்லாதது, கதவு திறந்தால் கூடவே நகரும். அரைக் கிலோ உலர்ந்த மணலை இறுகத் தைத்த சிறு பைகளில் போட்டு இடையிடையே வைத்தால் அசையாது.

இனி மெஷின். கறுப்பு நேர்த்தையல் மெஷினே போதும். ஆனால் கூர்முனை ஊசி பின்னல் கண்ணிகளைக் குத்திக் கிழிக்கும், தையலும் விட்டு விட்டு விழும். 14-ஆம் எண் பால்பாயிண்ட் (உருண்டை முனை) ஊசி கேட்டு வாங்குங்கள். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் துணியோடு நீளாமல் அறுந்துபோகும். அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல் வையுங்கள். பொடித் தையல் போட்டால் ஓரம் அலை அலையாக நெளியும், பிரிக்க நேர்ந்தால் நூல் பஞ்சுக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. நெளிவு அப்போதும் நிற்கவில்லையென்றால் துணியைப் பிடித்துக்கொள்ளும் ஃபுட் அதிகமாக அழுத்துகிறது என்று பொருள். அந்தத் தண்டின் தலையில் உள்ள திருகை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். குண்டூசி பஞ்சில் ஒளிந்துகொள்ளும் என்பதால் துணி காயப்போடும் கிளிப் போடுவது மேல். அயர்ன் வைக்கவே கூடாது, பஞ்சு படுத்துப் பளபளத்துவிடும், பிறகு எழும்பாது. தையலைப் படிய வைக்க நகத்தால் அழுத்தி, மேலே ஒரு வரி ஓட்டுங்கள்.

வேலை முடிந்ததும் பாபின் கேஸைக் கழற்றிப் பாருங்கள், பஞ்சு அடைத்திருக்கும். அதை வாயால் ஊதாதீர்கள்; ஊதினால் இன்னும் உள்ளே போகும், மூச்சின் ஈரத்தில் துருவும் பிடிக்கும். சின்ன பிரஷ்ஷால் வெளியே தள்ளி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பழைய துணியில் நாலு வரி ஓட்டிவிட்டு மூடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி