நொய்யல் பிள்ளைகள் முக்கொம்புக்கு வரட்டும்

அன்புள்ள மல்லிகா,

நலம். அங்கே எல்லோரும் நலமா? காலாண்டு விடைத்தாள் கட்டுகளை முடித்துவிட்டு நிதானமாக எழுதலாம் என்று இருந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது. காயத்ரிக்கு நர்சிங் இடம் கிடைத்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். பொம்மைக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டிருந்தவள்தானே! அம்மாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை. மாடி ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டோம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். யாரோ ஒரு கம்பெனிக்காரர் வந்து, கண்ணில் மாட்டினால் வேறு ஊரில் நிற்பது போலவே காட்டும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டுகளைக் காட்டிவிட்டுப் போனதிலிருந்து, "இனி சுற்றுலாவுக்குப் பஸ், சாப்பாடு, பெற்றோர் கையெழுத்து என்று அலைய வேண்டாம், எல்லா ஊரையும் வகுப்பிலேயே காட்டிவிடலாம்" என்று உங்கள் பள்ளியில் பேச்சு ஓடுவதாக எழுதியிருந்தாய். சமூக அறிவியல் ஆசிரியை என்ற முறையில் உன்னிடம் கருத்தும் கேட்டிருக்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியில் உலகத்தைக் காட்டுவதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். பஸ்ஸை நிறுத்துவதை எதிர்க்கிறேன். பஸ்ஸில் போனால் பார்க்கவே முடியாதது எதுவோ, அதற்குத்தான் திரை வேண்டும். போய்ப் பார்க்க முடிந்ததைத் திரையில் காட்டிக் கணக்கை முடித்துவிடக் கூடாது.

எங்கள் பள்ளியின் ஹைடெக் லேபில் காவிரிப் பாடத்தை எப்படி நடத்துகிறேன் என்று சொல்கிறேன், நான் சொல்வது அப்போது விளங்கும். செயற்கைக்கோள் படங்களை ஒட்டி உலகத்தை உருண்டையாகக் காட்டும் கூகுள் எர்த்தில், தலைக்காவிரியில் தொடங்குவேன். அது கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து கண்ணம்பாடி அணை, சிவசமுத்திரம், ஒகேனக்கல், மேட்டூர், பவானி கூடுதுறை என்று ஆற்றோடு இறங்கி வருவோம். குளித்தலைப் பக்கம் வந்ததும் நிறுத்தி, கரைக்குக் கரை அளக்கச் சொல்வேன். அகண்ட காவிரி ஆயிற்றே, ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். அப்புறம் முக்கொம்பு. வடக்கே கொள்ளிடம் பிரிகிறது, நடுவில் ஸ்ரீரங்கம் தீவாக நிற்கிறது. கல்லணையில் வெண்ணாறும் புது ஆறும் பிரிகின்றன. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று விரல்களை விரித்த கை மாதிரி ஆறு பரவிக்கொண்டே போகும். இந்த இடத்தில் வகுப்பு என் கையில் இருக்காது. ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊர் ஆற்றைத் தேட ஆரம்பித்துவிடும். "எங்க ஊர் மதகு தெரியுது டீச்சர்!" என்று கத்துவார்கள். கத்தட்டும் என்று விட்டுவிடுவேன்.

கடைசியில் பூம்புகார். அங்கேயும் அளக்கச் சொல்வேன். குளித்தலையில் அவ்வளவு அகலமாக இருந்த ஆறு, கடலில் சேரும் இடத்தில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும். "இதுவா டீச்சர் காவிரி?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே இவ்வளவு தூரம் வருகிறோம். வெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது, மிச்சத் தண்ணீர் வழியெல்லாம் வயல்களுக்குப் பிரிந்துவிடுகிறது என்பதை அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதே இல்லை, அவர்களே சொல்லிவிடுவார்கள். கூகுள் எர்த் ப்ரோவில் ஆற்றோடு ஒரு கோடு வரைந்தால் ஏற்ற இறக்கத்தையும் படமாகப் போட்டுக் காட்டும். மலையில் சரசரவென்று இறங்குகிற கோடு திருச்சியைத் தாண்டியதும் தரையோடு படுத்துவிடும். வேகம் குறைந்த ஆறு வண்டலைப் போட்டுவிட்டுக் கிளை பிரியும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் வரி அப்போதுதான் அவர்களுக்குப் பிடிபடுகிறது.

இதை எந்தப் பஸ்ஸாலும் காட்ட முடியாது. கல்லணைக்கும் பூம்புகாருக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறோம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அவை இரண்டு தனித்தனி ஊர்கள்தான். நடுவில் ஓடும் ஆறு கண்ணில் படுவதில்லை.

அதே கல்லணையில் திரையால் தர முடியாததும் இருக்கிறது. மதகின் மேல் நிற்கும்போது கால் வழியாக ஏறுகிற அதிர்வு, முகத்தில் படுகிற சாரல். புதுத் தண்ணீர் வரும் நாளில் போயிருந்தபோது பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்து வகுப்பு ஜன்னலில் வைத்தோம். செங்காவி நிறத்தில் இருந்தது. மறுநாள் மேலே தெளிந்து, அடியில் மெல்லிய வண்டல் படிந்திருந்தது. ஒரு பையன் அதை விரலால் தொட்டு, இன்னொருவன் கையில் பூசி, "இதுதாண்டா எங்க வயல்" என்றான். மேலிருந்து பார்த்த டெல்டாவையும் இந்த வண்டலையும் சேர்த்துப் புரிந்துகொண்டவன் அந்தப் பாடத்தை மறக்க மாட்டான்.

இன்னொன்று, காலம். 1984 முதல் ஆண்டுவாரியாக எடுத்த செயற்கைக்கோள் படங்களை வரிசையாக ஓட்டிக்காட்டும் வசதியை கூகுள் எர்த்தில் 2021-ல் சேர்த்தார்கள். பெரும்பாலும் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள். அதில் அரால் கடலைக் காட்டுவேன். 1960 வாக்கில் உலகின் நான்காவது பெரிய ஏரி அது. சோவியத் காலத்தில் பருத்திக்காக ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பிவிட்டார்கள். ஏரி வற்றி, உப்பு கூடி, மீன் அழிந்தது. உஸ்பெகிஸ்தானின் மொய்னாக் துறைமுகத்தில் கப்பல்கள் மணலில் நிற்கின்றன. 2005-ல் கசகஸ்தானில் கோக்-அரால் அணையைக் கட்டி முடித்த பிறகு வடக்குப் பகுதி மட்டும் கொஞ்சம் தேறியது. இவ்வளவும் திரையில் சில விநாடிகளில் ஓடி முடியும்போது வகுப்பில் சத்தமே இருக்காது. ஆற்றுத் தண்ணீருக்காக அப்பாவும் தாத்தாவும் காத்திருப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இல்லையா? உஸ்பெகிஸ்தான் எங்கே இருக்கிறது என்பதை இவர்களுக்கு நான் மனப்பாடம் செய்ய வைக்கவில்லை, அவர்களாகவே தேடிக் கண்டுபிடித்தார்கள்.

படத்தை நம்பும் முறையையும் கூடவே சொல்லிக்கொடுக்க வேண்டும். பள்ளிக்கு உன் கருத்தை எழுதிக் கொடுக்கும்போது இதைக் கட்டாயம் சேர். ஒருமுறை திரையில் எங்கள் ஊருக்கு வடக்கே வயலெல்லாம் பச்சை, தெற்கே கட்டாந்தரை, நடுவில் கத்தரித்த மாதிரி ஒரு கோடு. "அந்தப் பக்கம் மட்டும் ஏன் டீச்சர் விளையல?" என்று கேட்டார்கள். இரண்டும் வெவ்வேறு மாதத்தில் எடுத்து ஒட்டிய படங்கள். கீழே தேதி போட்டிருக்கும், முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்று பழக்கினேன். "இப்ப நம்மளயும் மேலருந்து பார்க்கிறாங்களா?" என்பது பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி. அது நேரலை இல்லை, என்றோ எடுத்த படம் என்று சொல்வேன். ஆனால் கேள்வி சின்னக் கேள்வி இல்லை. 2005-ல் கூகுள் எர்த் வந்த அதே ஆண்டில், குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாமே இப்படிப்பட்ட படங்களால் பாதுகாப்புக்கு வரக்கூடிய ஆபத்தைப் பற்றிப் பேசினார். அதையும் வகுப்பில் சொல்வேன். 2009-ல் இஸ்ரோ கொண்டுவந்த புவன் என்ற வரைபடத் தளத்தையும் பக்கத்தில் திறந்து, ஒரே இடத்தை இரண்டிலும் பார்க்கச் சொல்வேன்.

உன் பிள்ளைகளுக்கு நீ காவிரியிலிருந்து தொடங்காதே. உங்கள் ஊர் ஆறான நொய்யலிலிருந்து தொடங்கு. வெள்ளியங்கிரி அடிவாரத்திலிருந்து இறங்கி வா. கோயம்புத்தூர்க் குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உக்கடம் பெரிய குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாமே வாய்க்கால்களால் கோத்தவை என்பது மேலிருந்துதான் தெரியும். தினமும் அந்தக் கரைமேல் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு அது புதுச் செய்தியாக இருக்கும். பிறகு திருப்பூர், ஒரத்துப்பாளையம் அணை. அங்கே நிறுத்து. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயக்கழிவு வந்து தேங்கியதையும், விவசாயிகள் வழக்குப் போட்டதையும், 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் சொல். திரையில் பார்த்தால் மற்ற அணைகளைப் போல இதுவும் ஒரு நீர்ப்பரப்பு, அவ்வளவுதான். தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று எந்தப் படமும் சொல்லாது. கரையில் நிற்கும் விவசாயியிடம் கேட்க வேண்டும், தண்ணீரைப் பிடித்து வேதியியல் லேபில் பார்க்க வேண்டும். உங்கள் நிர்வாகத்திடம் பஸ்ஸுக்காகப் பேசும்போது இந்த ஒரு உதாரணமே போதும் என்று நினைக்கிறேன்.

பழைய காலத்தை முப்பரிமாணத்தில் எழுப்பிக் காட்டும் உலகங்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். எனக்கு அவற்றில் ஆசையும் உண்டு, கவனமும் உண்டு. கூகுள் எர்த்தில் 2008-ல் பழைய ரோம் நகரத்தைச் சேர்த்தார்கள். கி.பி. 320 வாக்கில், கான்ஸ்டன்டைன் காலத்தில் இருந்த ரோம். 6,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். அவற்றில் சிறு பகுதிக்குத்தான் உறுதியான சான்று உண்டு, மற்றவை பொதுவான சான்றுகளை வைத்து ஊகித்து எழுப்பியவை. அறிஞர்களுக்கு அந்த வேறுபாடு தெரியும். திரையைப் பார்க்கிற பிள்ளைக்கு எல்லாமே ஒரே மாதிரி உண்மையாகத் தெரியும்.

கற்களை அடுக்கிக் கட்டடம் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்ட் உங்கள் பள்ளியில் இருக்கிறது என்கிறாய். கீழடியைக் கட்டச் சொல்லேன். ஆனால் இரண்டு நிறக் கற்களில் கட்டட்டும். அகழாய்வில் கிடைத்த செங்கல் சுவர், உறைகிணறு, கூரை ஓடு எல்லாம் ஒரு நிறம். சுவர் எவ்வளவு உயரம், வாசல் எந்தப் பக்கம், உள்ளே எத்தனை அறை என்று பிள்ளைகள் ஊகித்துச் சேர்ப்பது இன்னொரு நிறம். எது எந்த நிறம் என்று குழுவுக்குள் சண்டை வரும். வரலாற்றுப் பாடம் அந்தச் சண்டையில்தான் நடக்கிறது. கட்டி முடித்ததும் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போ. 2023-ல் திறந்தது, மதுரையிலிருந்து பக்கம்தான். தாங்கள் ஊகித்ததைச் சரிபார்க்கப் போகிற பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்.

அந்த ஹெட்செட் விஷயம். கூகுளே 2015-ல் எக்ஸ்பெடிஷன்ஸ் என்று பள்ளிகளுக்கான வி.ஆர். பயணத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அட்டைப்பெட்டிக் கண்ணாடிக்குள் போனை வைத்துப் பார்ப்பது. நன்றாகத்தான் இருந்தது. 2021-ல் நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனமே நிறுத்தும்போது, ஒரே செயலியை நம்பி இத்தனை பெட்டி வாங்குவதற்கு முன் நாலு முறை யோசிக்கச் சொல். இதைவிட எனக்குப் பெரிய குறை வேறு. ஹெட்செட்டை மாட்டியதும் ஒவ்வொரு பிள்ளையும் தனியாகிவிடுகிறது. ஒரே திரையைச் சுற்றி நின்றால் ஒருவன் பார்த்ததை இன்னொருத்தி மறுப்பாள், மூன்றாவது பிள்ளை எழுந்து வந்து விரல் வைத்துக் காட்டும். எனக்கு அந்தப் பேச்சுதான் வேண்டும். சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றலும் குமட்டலும் வரும், அதையும் சொல்லிவை.

செலவு என்று பார்த்தால் ஒரு நல்ல புரொஜெக்டரும் கணினியும் போதும். கூகுள் எர்த் ப்ரோ 2015 முதல் இலவசம். இன்டர்நெட் படுத்துவிடும் என்று பயமா? முதல் நாள் மாலையே நீ காட்டப்போகும் வழியெல்லாம் அதே கணினியில் ஒருமுறை மெதுவாகப் போய்வா. பார்த்த படங்களை அது சேமித்து வைத்துக்கொள்ளும், மறுநாள் லைன் போனாலும் பெரும்பாலும் வண்டி ஓடும். நிற்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் குறி போட்டு ஒரு கோப்பாக வைத்துக்கொள். என் காவிரிக் கோப்பை மெயிலில் அனுப்புகிறேன், உன் நொய்யலை அதோடு சேர்த்துக்கொள். கரூர் மாவட்டத்தில், நொய்யல் என்ற அந்த ஊரிலேயே, உன் ஆறு எங்கள் ஆற்றில் சேர்கிறது. இரண்டு கோப்பும் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் எனக்கு ஒரு யோசனை. பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் உன் பிள்ளைகளை ரயிலில் திருச்சிக்குக் கூட்டி வா. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம், அதற்குள் வந்தால் ஆற்றில் தண்ணீர் பார்க்கலாம். மழையும் விட்டிருக்கும், சம்பா அறுவடை தொடங்கியிருக்கும். எங்கள் ஒன்பதாம் வகுப்பை நான் முக்கொம்புக்கு அழைத்து வந்துவிடுகிறேன். வெள்ளியங்கிரியிலிருந்து வருகிற தண்ணீர் எங்கே போகிறது என்று உன் பிள்ளைகள் சொல்லட்டும், அது எந்தெந்த வயலுக்குப் போகிறது என்று என் பிள்ளைகள் காட்டட்டும். அங்கிருந்து கல்லணை, மாலை ரயிலுக்குள் திரும்பிவிடலாம்.

உன் நிர்வாகம் சரி என்றதும் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று எழுது, மதியச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். காயத்ரிக்கு விடுமுறை இருந்தால் அவளையும் அழைத்து வா, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
செல்வி