ராத்திரியில் மீன் வெளுத்துத் தெரிந்தால் மருந்து ஊற்றிவிடாதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

“ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து லைட்டைப் போட்டேன், நியான் மீன் எல்லாம் வெளுத்துப்போய் நிக்குது. என்ன மருந்து ஊத்தட்டும்?” இப்படி அடிக்கடி போன் வருகிறது. சாயம் ஏற்றிய மீனைக் கொடுத்துவிட்டோமோ என்று வருத்தத்தோடு கேட்டவர்களும் உண்டு. அந்தக் கவலை எங்களுக்குப் புரிகிறது. அதனால்தான் இந்த மடலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

மீனின் தோலில் நிறமி செல்கள் இருக்கின்றன. கருநிறம் தரும் செல்லுக்குள் மெலனின் துகள்கள் பொடிப்பொடியாக இருக்கும். அவை செல் முழுக்கப் பரவினால் மீன் கருத்துத் தெரியும், நடுவில் ஒரு புள்ளியாகக் குவிந்தால் வெளுத்துத் தெரியும். இருட்டியதும் மீனின் மூளையில் உள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பல மீன்களில் அந்தத் துகள்களைக் குவிய வைப்பது அதுதான். நிறமி எங்கும் போய்விடுவதில்லை, ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

நியான் டெட்ராவின் நீலக் கோடு இன்னும் அழகான சங்கதி. அந்த நீலத்துக்கு நிறமியே கிடையாது. தோல் செல்களுக்குள் குவானைன் என்ற பொருளின் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் நமக்கு நீலமாகத் தெரிகிறது, சோப்புக் குமிழியில் நிறம் தெரிகிற மாதிரி. இருட்டில் இந்தத் தகடுகளின் அமைப்பு மாறுவதால், பகலில் நீலப்பச்சையாக மின்னும் கோடு ஊதாப் பக்கம் போய் மங்கிவிடுகிறது. சிவப்பும் வெளிறும். சில நேரம் மீனே கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே முள் தெரியும். முதல்முறை பார்ப்பவருக்குப் பகீர் என்றுதான் இருக்கும்.

பென்சில் மீன் வளர்ப்பவர்கள் இன்னொரு வேடிக்கையும் பார்க்கலாம். பகலில் உடல் நெடுக ஓடும் கருங்கோடு இரவில் மங்கி, குறுக்கே பட்டைகளாகக் கறுப்பு தெரியும். வேறு மீனைக் கொண்டுவந்து விட்டார்களோ என்று தோன்றும்.

சரி, இதெல்லாம் எதற்கு? அசையாமல் ஓய்வெடுக்கும் நேரத்தில் மின்னிக்கொண்டிருந்தால் வேட்டையாடும் மீனின் கண்ணில் பட்டுவிடும். மங்கிக் கிடப்பது பாதுகாப்பு.

காலையில் ஒருநாள் தொட்டி முன்னால் உட்கார்ந்து பாருங்கள். செடிப் பக்கம் ஒதுங்கி, துடுப்பை மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டு நிற்கும். முதலில் கோடு புகைபிடித்த மாதிரி இருக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நீலம் ஏறும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் பழைய மீன் திரும்பிவிடும். அந்த அரை மணி நேரம் பொறுக்காமல் மருந்து ஊற்றுவதில்தான் ஆபத்து. சில மருந்துகள் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவைக் கெடுத்துவிடும், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் ஏறும், நன்றாக இருந்த மீன் உண்மையாகவே நோயில் விழும்.

இன்னொன்று, கும்மிருட்டில் தொட்டி லைட்டைப் பட்டென்று போடாதீர்கள். மீனுக்கு இமை கிடையாது. மிரண்டு கண்ணாடியில் மோதும். முதலில் அறை லைட்டைப் போட்டு, சற்றுப் பொறுத்துத் தொட்டி லைட்டுக்கு வாருங்கள். ஒரு டைமர் வைத்து எட்டிலிருந்து பத்து மணி நேரம் வெளிச்சம் கொடுத்தால் போதும். ராத்திரி முழுக்க நீல லைட் எரிய வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நாங்கள் லைட் விற்பவர்கள்தான், ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வோம். மீன்களுக்கு இருட்டு வேண்டும்.

பகலில் வெளிச்சம் வந்து வெகுநேரமாகியும் நிறம் திரும்பவில்லை என்றால் கதை வேறு. துடுப்பை மடக்கிக்கொண்டோ மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியோ நின்றால் உடனே அம்மோனியாவையும் தண்ணீரின் சூட்டையும் சோதியுங்கள். நியானின் முதுகில் ஒரு இடம் மட்டும் வெளுத்து அப்படியே நிலைத்து, அந்த மீன் கூட்டத்தை விட்டுத் தனியே திரிந்தால், அது நியான் நோயாக இருக்கலாம். அதற்கு நம்பகமான மருந்து இல்லை. அந்த மீனை உடனே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், மற்றவை தப்பிக்க வாய்ப்பு உண்டு.

சந்தேகம் இருந்தால் பகலில் எடுத்த ஒரு போட்டோவும் சின்ன பாட்டிலில் தொட்டித் தண்ணீரும் கொண்டுவாருங்கள். பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
உங்கள் மீன் கடையினர்