பின்னல் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் கிடையாது, சந்தா கிடையாது, எங்கும் பதிவும் செய்யவில்லை. இப்படிப்பட்ட குழுவுக்கு ஆண்டறிக்கை எதற்கு என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சதுரங்களின் கதையை எழுதி வைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் அதே தப்பைச் செய்வோம். அதற்காகவே உட்கார்ந்து எழுதினேன்.

வாரம் ஒரு மாலை மதுபாரில் கூடிப் பின்னும் வழக்கம் தொடர்ந்தது. பாரின் மூலை மேசையை நமக்கென்று யாரும் சொல்லாமலே ஒதுக்கி வைக்கிறார்கள். நல்ல வெளிச்சம் அங்கே மட்டும்தான். கருப்பு நூலைப் பகலில் வீட்டில் வைத்துப் பின்னுங்கள் என்று போன ஆண்டே சொன்னேன், யார் கேட்டீர்கள்?

சரி, சதுரங்கள். ஆளுக்குச் சில சதுரங்கள் பின்னி, எல்லாவற்றையும் இணைத்துப் பெரிய போர்வையாக்குவது என்று முடிவெடுத்தோம். எல்லோருக்கும் ஒரே நூல், 40 கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்), 8ஆம் எண் ஊசி. இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது என்று நினைத்தது என் பிழை. மேசையில் பரப்பிப் பார்த்தால் பாதிச் சதுரங்கள் 18 சென்டிமீட்டர், மீதி 22. யார் இறுக்கிப் பின்னியது, யார் தளர விட்டது என்று ஒரு மாலை முழுக்க வாக்குவாதம். இரண்டாவது கிளாஸ் மீதும் பழி விழுந்தது. கடைசியில் ஊசிகளைத்தான் அளந்தோம். அமெரிக்க எண்முறையில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ் முறையில் அதே 8, 4 மில்லிமீட்டர்தான். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். பாட்டியின் ஊசிகளை எடுத்து வந்தவர்களுக்கு 10 சென்டிமீட்டரில் 22 கண்ணி விழுந்திருக்கிறது, புதிதாக வாங்கியவர்களுக்கு 18. இறுக்கமும் இல்லை, கிளாஸும் இல்லை.

அவிழ்க்க யாருக்கும் மனமில்லை. சின்னச் சதுரங்களின் ஓரத்தில் கண்ணி எடுத்து, சுற்றிலும் 2 சென்டிமீட்டர் கரை பின்னினோம். இப்போது பார்ப்பவர்கள் திட்டமிட்டுச் செய்த வேலைப்பாடு என்கிறார்கள். மறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இனி ஊசி அளவை மில்லிமீட்டரில் மட்டுமே சொல்வது, எதைத் தொடங்கும் முன்பும் ஒரு மாதிரித் துண்டு பின்னி அளப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இரண்டாவதை எத்தனை பேர் கடைப்பிடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு விபத்து. உறுப்பினர் ஒருவரின் கம்பளி ஸ்வெட்டர் மீது பீர் கொட்டியது. கறை படிந்துவிடும் என்ற பதற்றத்தில் வீட்டுக்குப் போய் வெந்நீரில் போட்டுக் கசக்கியிருக்கிறார். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அப்புறம் அதை எந்தச் சக்தியாலும் பிரிக்க முடியாது. குளிர்ந்த நீரில் ஒற்றி எடுத்திருந்தால் போதும். ஆனால் அப்படி இறுகிய கம்பளியை வெட்டினாலும் நூல் பிரியாது. நம் கிளாஸ்களுக்கு அடியில் இருக்கும் வட்டங்கள் அந்த ஸ்வெட்டரின் முதுகுதான்.

லேஸ் பின்னல் கொண்டு வருபவர்களுக்கு: சில வரிசைகளுக்கு ஒருமுறை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் மெல்லிய நூல் ஒன்றைக் கோத்து விடுங்கள். பேச்சு சுவாரசியத்தில் எண்ணிக்கை தப்பினால் அந்த வரிசை வரை மட்டும் அவிழ்த்தால் போதும். அழ வேண்டியதில்லை. உலோக ஊசி கீழே விழுந்தால் பாரே திரும்பிப் பார்க்கிறது. மூங்கில் ஊசி உத்தமம்.

பொது இடத்தில் பின்னுவதற்கென்று 2005இல் தொடங்கிய உலக நாள் ஜூன் மாதத்தில் வந்து போனது. நமக்கு வாராவாரம் அதுதான் என்பதால் தனி விழா எடுக்கவில்லை.

வரவு செலவு: வரவு இல்லை. அவரவர் குடித்ததற்கு அவரவரே கொடுத்தோம்.

தேர்தல்: செயலாளராக என் பெயரை மீண்டும் முன்மொழிந்தபோது நான் கண்ணி எண்ணிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து மறுத்திருந்தால் எண்ணிக்கை போயிருக்கும்.

கண்டெடுத்தவை: குதிகால் வரை பின்னிய ஒற்றைச் சாக்ஸ் ஒன்று, ஐந்து ஊசிகளில் நான்கோடு, கவுண்டரில் இருக்கிறது. உரியவர் பெற்றுக்கொள்ளலாம். ஐந்தாவது ஊசி இன்னும் கிடைக்கவில்லை. சோபாவில் உட்காரும் முன் தடவிப் பார்க்கவும்.

செயலாளர்