ஒரு பயிற்சி நாளைத் தேவனாம்பட்டினத்தில் வையுங்கள்

கடலூர் மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்சிகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை. படித்தது வரலாறு, எடுப்பது வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும். பள்ளியில் இந்தப் பாடத்துக்கு நான் ஒருத்திதான். சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்க ஆள் கிடையாது. பயிற்சி நாளில்தான் என் பாடக்காரர்களை நான் பார்க்கிறேன். அது வீணாய்ப் போனால் வயிறு எரிகிறது.

கடைசியாகப் போன பயிற்சியைச் சொல்கிறேன், எந்த மையம் என்பது வேண்டாம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போர்கள் வரும் எட்டாம் வகுப்புப் பாடத்தைக் கருத்தாளர் திரையில் போட்டு வரி வரியாகப் படித்தார். பாடநூலில் இருப்பதேதான். பாவம், அவர் கையில் கொடுத்து அனுப்பிய பி.பி.டி. அது. மதியம் பின்னூட்டப் படிவம், வருகைப் பதிவு, டீ, அவ்வளவுதான். அந்தப் போர்களில் அடிவாங்கிய கோட்டை அந்த அறையிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைச் சொல்கிறேன். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. இதை வகுப்பில் சொன்னபோது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், “அப்போ இருக்கறதுலயே பெரிய பீரங்கியா கொண்டாந்திருப்பாங்களே மிஸ்?” என்றான். கொண்டுவந்தார்கள்தான். எப்படி மருந்து திணித்துச் சுட்டால் லாபம் என்பது சுடுகிறவன் கைத்திறமை என்று சென்னையிலிருந்து எழுதியும் அனுப்பினார்கள். ஒப்பந்தத்தின் ஓட்டையை ஒரு பதின்மூன்று வயதுப் பையன் தானே கண்டுபிடித்துவிட்டான். காலனி ஆட்சி எப்படி நிலம் பிடித்தது என்று நான் அதற்குமேல் என்ன நடத்துவது? எங்கள் பக்கம் குண்டு உப்பலவாடி என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்தக் குண்டு இந்தக் குண்டுதானா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் வகுப்பில் சத்தம் அடங்க கால் மணி நேரம் ஆயிற்று.

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின், 1752 வரை இந்தக் கரையில் ஆங்கிலேயருக்கு இதுதான் தலைமையிடம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்துத் தள்ளினார். நம் பிள்ளைகள் இந்த ஆண்டுகளை ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்கிறார்கள். சாயங்காலம் அதே தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்கிறார்கள்.

அதனால் ஆண்டுக்கு ஒரு பயிற்சி நாளையாவது அங்கே நடத்துங்கள். காலையில் கெடிலக்கரை, கோட்டை இடிபாடுகள். மதியம் ஏதாவது ஒரு பள்ளியில் உட்கார்ந்து, பார்த்ததை வைத்து நாங்களே வகுப்புக்கான தாள்கள் தயாரிக்கிறோம். 1690 ஒப்பந்தத்தில் பீரங்கிக் குண்டு பற்றி வரும் வாசகம், பழைய வரைபடம் ஒன்று, அப்புறம் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலிருந்து இரண்டு பக்கம். அந்த நாட்குறிப்பு தமிழில் எழுதப்பட்டது. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், 1736 முதல் 1761 வரை இதே போர்களைப் புதுச்சேரியில் இருந்தபடி எழுதிவைத்தது. அதில் ஒரு பக்கமாவது படித்திருக்கிறீர்களா என்று அன்றைக்குப் பயிற்சியில் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டேன். ஒரே ஒருவர்தான் ஆமாம் என்று தலையாட்டினார். எங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் யாரும் எங்கள் கையில் தந்ததும் இல்லை.

புதுச்சேரி என்றதும் இன்னொன்று. முள்ளோடையைத் தாண்டினால் ஆட்சி மாறுகிறது என்பது கடலூரில் எல்லோருக்கும் தெரியும், எதற்காகத் தெரியும் என்பதை இந்த மடலில் எழுத வேண்டாம். அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு, 1954இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறிய நவம்பர் 1தான் விடுதலை நாள். அதற்கு முன் அக்டோபர் 18 அன்று புதுச்சேரியின் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள். சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. “நமக்குச் சுதந்திரம் எப்போது கிடைத்தது?” என்று அந்தப் பக்கம் அத்தை வீடு இருக்கிற என் மாணவியிடம் கேட்டுப் பாருங்கள், எதிர்க்கேள்வி வரும். அங்குள்ள சமூக அறிவியல் ஆசிரியர்களில் பத்துப் பேரையாவது அந்த நாளுக்கு அழைத்தால், அடுத்த முறை அங்குள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்கு அவர்கள் எங்களைக் கூட்டிப்போவார்கள். இரண்டு அரசுகள், இரண்டு கோப்புகள், தெரியும். கடிதம் ஒன்று போட்டுப் பாருங்களேன்.

வரைபடத்தையும் சொல்லிவிடுகிறேன். அறிவியலுக்கு ஆய்வகம் இருக்கிறது. எனக்குச் சுவரில் ஓர் இந்திய வரைபடம், அதில் தெலங்கானா இன்னும் பிறக்கவில்லை. திறன்மிகு வகுப்பறைத் திரையில் புது வரைபடம் வரும், உண்மைதான். ஆனால் பாடவேளை முடிந்ததும் அது அணைந்துவிடும். சுவரில் தொங்குவதைத்தான் பிள்ளைகள் விரலால் தொட்டு ஊர் தேடுகிறார்கள்.

வண்டிக்கு நிதி இல்லையென்றால் பரவாயில்லை, தேவனாம்பட்டினத்துக்கு டவுன் பஸ் போகிறது. எங்களுக்கு வேண்டியது பணியில் இருந்ததாகக் கணக்கில் வரும் ஓர் ஆணையும், நூறு பிரதி நகல் எடுக்கக் காகிதமும். ஜனவரியில் வைத்தால் வெயில் தாங்கும்.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியை,
கடலூர் மாவட்டம்