நாளை உலுரு: முதலில் பண்பாட்டு மையம்

எல்லோருக்கும் வணக்கம். நாளைக் காலை 7 மணிக்கு விடுதி வாசலில் வேன் நிற்கும். ஆஸ்திரேலியாவின் நடுவே இருக்கும் உலுரு என்ற பெரிய பாறையைப் பார்க்க அவசரப்பட வேண்டாம், முதலில் பூங்காவுக்குள் இருக்கும் பண்பாட்டு மையத்துக்குப் போகிறோம். அந்த மண்ணின் சொந்தக்காரர்களான அனங்கு மக்களின் கதையைக் கேட்டுவிட்டுப் பார்த்தால்தான் பாறையில் இருக்கும் ஒவ்வொரு வெடிப்புக்கும் அர்த்தம் புரியும்.

மையம் 1995இல் திறந்தது. மண் செங்கல் கட்டடம், அனங்கு கதையில் வரும் குனியா, லிரு என்ற இரண்டு பாம்புகளைப் போல வளைந்து கிடக்கும். போன முறை சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே கொளுத்துகிற வெயிலில் உள்ளே நம்மூர் மண் வீடு மாதிரி குளுமை.

உள்ளே படம், வீடியோ எடுக்கக் கூடாது. போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். பாறை மேல் ஏறுவது 2019 அக்டோபரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, யாரும் கேட்க வேண்டாம். குழந்தைகள் கல் பொறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துப் போனவர்கள் பலர் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்களாம்!

அப்புறம், ஈ. வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும். முகவலை இல்லாதவர்கள் இன்றே கடையில் வாங்கிவிடுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். 3 நாள் நுழைவுச் சீட்டை போனில் எடுத்து வைத்தவர்கள் மட்டும் இங்கே ஒரு 👍 போடுங்கள்.