இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு யாழ்ப்பாணத்தில் நடந்த உதைபந்தாட்ட இறுதிப் போட்டியை நீங்களும் நேரலையில் பார்த்திருப்பீர்கள். எங்கள் துணுக்காய்ப் பெடியள் முதல் கோலைப் போட்டதும் வர்ணனையாளர் சொன்னதையும் கேட்டிருப்பீர்கள். "வன்னியிலிருந்து வந்த அணி, இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்." கோல் விழுந்த நேரத்தில் சொல்கிற சொல்லா அது? அடித்த பிள்ளையின் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஒன்பதாம் இலக்கம் என்றார், அவ்வளவுதான். மற்ற அணியின் கோல்காப்பாளருடைய தகப்பன் எந்தக் கழகத்துக்கு ஆடினார் என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கமராவும் அப்படித்தான். அவர்கள் சமப்படுத்திய கோலை நான்கு தடவை திருப்பிக் காட்டினார்கள். எங்களுடையதை ஒருமுறைகூட இல்லை. கடைசியில் சமநிலை தவிர்ப்பு உதையில் தோற்றோம். அதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை, அவர்கள் நன்றாக ஆடித்தான் வென்றார்கள்.

இதே பாரபட்சம் கிரிக்கெட்டிலும் நடந்தது. 2023 ஆசியக் கிண்ணம் உங்களுக்கு மறந்திருக்காது. சுப்பர் 4 சுற்றில் இந்தியா–பாகிஸ்தான் போட்டிக்கு மட்டும், தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே, மழை குழப்பினால் மறுநாள் தொடரலாம் என்று மேலதிக நாள் ஒதுக்கினார்கள். அதே சுற்றில் இலங்கை பாகிஸ்தானுடன் ஆடியபோது மழையால் போட்டி 42 ஓவராகச் சுருங்கியது, எங்களுக்கு மேலதிக நாள் இல்லை. அடுத்த ஆண்டு ரி20 உலகக் கிண்ணத்தில் இலங்கையின் நான்கு முதற்சுற்றுப் போட்டிகளும் நான்கு ஊர்களில். இந்தியாவுக்கோ முதல் மூன்றும் நியூயோர்க்கிலேயே. பார்க்கிற கூட்டம் பெரிது, விளம்பரக் காசு பெரிது, அதனால் எல்லாம் அவர்களுக்கு ஏற்றபடி. அப்போது எல்லாரும் கொதித்தோம். நீங்களும் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எழுதினீர்கள், அதை வெட்டி வைத்திருக்கிறேன். அதே அநியாயத்தை எங்களுக்குள்ளேயே, பெரிய கழகம் சின்னக் கழகம் என்று பார்த்துச் செய்தால் அது சரியாகிவிடுமா?

1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டி, இலங்கை ஆடுகிறது. போர்க்காலம், வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஆள் மாறி ஆள் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். இலங்கையின் அரவிந்த டி சில்வா சதத்தை நெருங்கும்போது சுற்றுவது என் முறை. கை ஓய்ந்தால் குரலும் நின்றுவிடும் என்று விடாமல் சுற்றினேன். தொடர் தொடங்கும்போது அந்த இலங்கை அணியையும் பலர் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் வர்ணனையாளர் அடித்தவனின் பெயரைச் சொன்னார், பந்து போன திசையைச் சொன்னார். எதையும் பார்க்க முடியாத எங்களுக்கு ஆட்டம் கண்ணுக்கு முன்னால் நடந்தது. இன்று படம் வருகிறது, பெயர் வரவில்லை.

அந்த ஒன்பதாம் இலக்கப் பிள்ளை போட்டிக்கு முதல்நாள் மாலைவரை வயலில் நின்றான். மாரியில் எங்கள் மைதானத்தில் தண்ணீர் நிற்கும், கோடையில் வெடித்துக் கிடக்கும். அன்று இரண்டு பேர் இரவல் சப்பாத்துடன்தான் இறங்கினார்கள். வர்ணனையாளர் ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் எங்கள் பொறுப்பாளரிடம் பேசியிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும். மறுபக்கம் போய்ப் பேசியதை நான் கண்டேன்.

திங்கட்கிழமை உங்கள் பக்கத்தைத் திறந்தேன், அதிலும் "வன்னி அணி" என்றே இருந்தது. தயவுசெய்து கோபிக்காதீர்கள். வன்னி என்பது ஒரு கழகத்தின் பெயர் இல்லை. மல்லாவி, ஒட்டுசுட்டான், முழங்காவில், கண்டாவளை, நெடுங்கேணி என்று எத்தனையோ ஊர்கள், எல்லாவற்றிலும் பந்து உதைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முப்பது வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவன் என்பதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன், அந்தத் தொலைக்காட்சிக்கு எழுதவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த திங்கள் ஒரு மூலையிலாவது எங்கள் அணியின் பெயர்ப் பட்டியலைப் போடுங்கள். பதினாறு பேரின் பெயரையும் எழுத்துப் பிழை வராதபடி தெளிவாக எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒன்பதாம் இலக்கத்தின் பெயருக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர்,
துணுக்காய்.